வெளி மெசினுக்கு ஒரு வீடு

ஊவா உள்ளகச் செய்கை ஊக்குவிப்புச் சபைக்கு ஒரு விதி இருந்தது. பழுது என்பது அதிகாரம் பெற்ற உத்தியோகத்தர் ஒருவரின் முன்னிலையில் நிகழ வேண்டும். அப்படி நிகழாதது பழுது அல்ல, வதந்தி.

விதியை எழுதியவர் இப்போது ஓய்வு பெற்றுப் பதுளை நகரில் இருக்கிறார். அவருடைய வீட்டில் இன்றுவரை எதுவும் பழுதானதில்லை என்கிறார்கள். பார்ப்பதற்கு அதிகாரம் பெற்றவர் யாரும் அங்கே இல்லை.

தனுஜா வேலைக்குச் சேர்ந்த அன்று இந்த விதியைக் கேட்டுச் சிரித்தாள். நகைச்சுவை என்று நினைத்துவிட்டாள். விவசாய டிப்ளோமா முடித்து, கொழும்பில் துணிக்கடையில் நிற்பதா, வீட்டில் இருப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்த காலத்தில் கிடைத்த வேலை அது. தற்காலிக வேலைதான். ஆனாலும் கதவுக்குச் சாவி கொடுத்தார்கள். அதுவரை யாரும் அவளை நம்பி எதற்கும் சாவி கொடுத்ததில்லை.

அவளுடைய அறை வெள்ளைக்கல் தோட்டத்தின் மேல் டிவிசனில் இருந்தது. முன்பு அது கொழுந்து மடுவம். பெண்கள் பறித்து வந்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் இடம். சபை அதன் ஜன்னல்களைச் செங்கல்லால் அடைத்தது. வெப்பம் தடுக்க உட்சுவர் முழுக்க ரெஜிபோம் அட்டை ஒட்டியது. தட்டுத் தட்டாக இரும்பு ராக்கைகளை நிறுத்தி, அவற்றில் மண்ணில்லாமல் தண்ணீரிலேயே சலாது என்ற பச்சையாகத் தின்னும் கீரையை வளர்க்க ஏற்பாடு செய்தது. சூரியனுக்குப் பதிலாக இளஞ்சிவப்பு விளக்குகள். விளக்குகள் சூடாக்கின. சூட்டைத் தணிக்க ஏசி. வெளியே நமுனுகுலை மலையிலிருந்து இறங்கும் பனியில் ஆட்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடந்தார்கள். உள்ளே குளிருக்கு மெசின் ஓடியது. யாருக்கும் இது வினோதமாகத் தெரியவில்லை. சபையின் பெயரிலேயே உள்ளகம் என்ற சொல் இருந்தது.

"வெளியில் எவரும் பயிர் செய்யலாம்," என்று திறப்பு விழாவில் பணிப்பாளர் வைரவநாதன் பேசினார். "அதற்கு மண்ணும் மழையும் போதும். உள்ளே பயிர் செய்வதற்குத்தான் ஒரு சபை தேவைப்படுகிறது."

எல்லோரும் கை தட்டினார்கள். கறுப்புக் கோட் அணிந்திருந்த பணிப்பாளர் மேடையிலிருந்து இறங்கி வந்து தனுஜாவிடம் தனியாகச் சொன்னார்.

"முதல் விளைச்சல் எல்ல என்ற ஊரில் உள்ள சுற்றுலா ஹோட்டலுக்குப் போகட்டும். உங்கள் நியமனத்தை நிரந்தரமாக்குவோம். போகாவிட்டால் அறையை மூடுவோம். உங்களையும் மூடுவோம்."

அதன் பிறகு மழைக்காலம் தொடங்கியது.

சலாது உள்ளங்கை அளவு விரிந்திருந்த ஒரு முற்பகலில் ஏசியின் சத்தம் மாறியது. ஒரு முனகல், ஒரு பெருமூச்சு, பிறகு சிவப்பு விளக்கு மின்னியது. கொஞ்ச நேரத்தில் அறை பாண் பேக்கரி மாதிரி ஆயிற்று. இலைகள் துவண்டு தட்டின் விளிம்பில் தொங்கின. தனுஜா பதுளைத் தலைமை அலுவலகத்துக்கு அழைத்தாள். தொழில்நுட்ப ஆலோசகர் கிரிஷாந்தன் எடுத்தார்.

"சேர், ஏசி நின்னுபோச்சு."

"யாருடைய முன்னிலையில?"

"என்னோட முன்னிலையிலதான் சேர்."

"நீங்க தற்காலிகம்தானே மிஸ்?"

"ஆமா சேர்."

"அப்போ பழுதும் தற்காலிகமாத்தான் இருக்கும். கொஞ்சம் பொறுத்துப் பாருங்க."

அவர் சொன்னது பலித்தது. பின்னேரம் மெசின் தானாக ஓடத் தொடங்கியது. மறுநாள் காலையில் மறுபடி நின்றது. அந்த வாரம் முழுக்க அதே கதை. காலையில் நின்றது, பின்னேரம் எழுந்தது. தனுஜா பாதி இலைகளைப் பறிகொடுத்தாள். மீதியை ஈரச் சாக்குப் போட்டுக் காப்பாற்றினாள். தினமும் தலைமை அலுவலகத்துக்கு அழைத்தாள். வதந்திகள் ஓர் அளவுக்கு மேல் போனால் நேரில் ஆராயலாம் என்று இன்னொரு விதி இருந்தபடியால் கடைசியில் ஒரு குழு வர ஒப்புக்கொண்டது.

சபையிலிருந்து யாராவது வருவதென்றால் முதலில் தோட்ட ஆபீசுக்குத் தகவல் வரும். தோட்ட ஆபீஸ் மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையாவிடம் சொல்லும். அவர் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் ஆட்களை நிறுத்தி உரக்கக் கத்துவார்.

"நாளைக்குச் சபை ஆளுங்க வாராங்க! கொடியில ஒரு துணி கெடக்கக் கூடாது. நாயெல்லாம் கட்டுங்க. எவனும் லயத்து வாசல்ல குந்திக்கிட்டு இருக்காத!"

வெள்ளைக்காரத் தொரை குதிரையில் வந்த காலத்திலிருந்தே இது இப்படித்தான். பெரியவர்கள் வரும்போது தோட்டம் அழகாக இருக்க வேண்டும். அழகு என்றால் ஆட்கள் குடியிருக்கும் அடையாளம் தெரியக் கூடாது. பாதையோரக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். தண்ணீர் ஓடக் கான் வெட்டினார்கள். உலர்ந்தும் உலராமலும் தொங்கிய துணிகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்த் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்குள் குவித்தார்கள்.

கிரிஷாந்தன் ஜீப்பிலிருந்து இறங்கினார். அவரோடு பதுளை நகரில் ஏசி திருத்தும் றினாஸ் கருவிப் பையோடு வந்திருந்தான். உள்ளே மெசின் பிரமாதமாக ஓடியது. கிரிஷாந்தன் கொஞ்ச நேரம் கையைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, ஜீப்பில் இருந்த சுவெட்டரை எடுத்து வரச் சொன்னார்.

றினாஸ் மூடியைக் கழற்றினான், வடிகட்டியைத் தட்டினான், கேஸ் அளந்தான். கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போய் வெளி மெசினையும் பார்த்துவிட்டு வந்தான்.

"மிஸ், சாமான்ல ஒன்டும் இல்ல. உள்ளயும் நல்லா ஈக்கிது. வெளிய காத்தாடி பூ மாதிரி சுத்துது."

"நேத்து நின்னுச்சுங்க. முந்தாநாளும் நின்னுச்சு."

"நேத்து நான் வரல்லயே, மிஸ்."

கிரிஷாந்தன் நடுங்கிக்கொண்டே, "வதந்தி," என்றார். துவண்டு போன இலைகளைத் தனுஜா காட்டினாள். அவர் அவற்றைக் கூர்ந்து பார்த்து, குளிரில் இலைகள் சோர்வது இயற்கை என்றார்.

ஜீப் தேயிலை வளைவைத் தாண்டி மறைந்தது. கொஞ்ச நேரத்தில் மெசின் முனகியது, பெருமூச்சு விட்டது, நின்றது. தனுஜா உடனே அழைத்தாள். அவர்கள் பாதையில் ஒரு கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கிரிஷாந்தன் போனை றினாஸிடம் கொடுத்தார்.

"மிஸ், நாங்க வந்தா ஓடுது, போனா நிக்கிது," என்றான் அவன். "சாமான்ல கோளாறு இல்ல. எங்கள்லதான் ஏதோ ஈக்கிது."

றினாஸ் சிரித்துக்கொண்டு அதைப் பகிடிக்குத்தான் சொன்னான். கிரிஷாந்தன் பகிடி தெரியாதவர். அதை அப்படியே பணிப்பாளரிடம் கொண்டுபோனார்.

பணிப்பாளர் வைரவநாதன் திடீர்ப் பரிசோதனை ஒன்றுக்கு உத்தரவிட்டார். தேநீர் ஏற்பாடு செய்ய வசதியாகத் திடீர்ப் பரிசோதனையின் நாள் தோட்ட ஆபீசுக்கு முன்பே அறிவிக்கப்பட்டது. கண்டாக்கையா கத்தினார். சுண்ணாம்பு பூசினார்கள். துணிகள் மறைந்தன. பணிப்பாளர் உள்ளே நுழைந்ததும் குளிர்காற்று அவருடைய தலைமயிரைக் கலைத்தது. அவர் கண்களை மூடிக்கொண்டு அதை அனுபவித்தார்.

"பார்த்தீர்களா?" என்றார் மெதுவாக. "நான் முப்பது வருஷமாக மனிதர்களோடு வேலை செய்கிறேன். என்னைக் கண்டதும் எந்த மனிதனும் இப்படி வேலை செய்ததில்லை. இயந்திரம் நிர்வாகத்தை உணர்கிறது."

"சேர், நீங்க போனதும் நின்னுரும்," என்றாள் தனுஜா.

"இயல்புதான். பிரிவை அதனால் தாங்க முடியவில்லை." அவர் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "நான் இங்கேயே இருக்க முடியாது. ஆனால் என்னுடைய அதிகாரத்தை இங்கே விட்டுப்போக முடியும்."

இப்படித்தான் பிரதிநிதித்துவ ஆசனம் உருவானது. சலாது ராக்கைகளுக்கு நடுவே கைப்பிடி வைத்த தேக்கு நாற்காலி ஒன்று போடப்பட்டது. அதன் முதுகில் பணிப்பாளரின் கறுப்புக் கோட் மாட்டப்பட்டது. காலையில் அதற்கு வணக்கம் சொல்லத் தேவையில்லை, ஆனால் சொன்னால் தவறில்லை என்று தனுஜாவுக்கு விளக்கினார்கள். முதல் நாள் அவள் சொல்லவில்லை. மெசின் நின்றது. மறுநாள் சொன்னாள். அப்போதும் நின்றது.

"கோட்டுக்கு நிர்வாக அதிகாரம் மட்டுந்தான் இருக்கு, தொழில்நுட்ப அதிகாரம் இல்ல," என்றார் கிரிஷாந்தன் போனில். "என்ட தொப்பியை அனுப்பி வைக்கிறன்."

தொப்பியும் வந்தது. இரண்டும் நாற்காலியில் இருந்தன. இரண்டின் முன்னிலையிலும் மெசின் காலையில் நின்று பின்னேரம் எழுந்தது. தனுஜா மிஞ்சிய செடிகளோடு புது நாற்றுகளையும் வைத்து, ஒவ்வொரு தட்டாக விசிறிக்கொண்டிருந்தாள். எல்லவிலுள்ள ஹோட்டல்காரர்கள் எப்போது தருவீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஏசியின் வெளி மெசினை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. சபை உள்ளகச் சபை. அதன் எல்லை உட்சுவரோடு முடிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் லயத்துக்காரர்களின் முற்றம், அது தோட்டக் கம்பனிக்குச் சொந்தம். சபை ஆள் அங்கே கால் வைக்கக் கூடாது என்று சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். றினாஸ் கூலிக்கு வந்தவன் என்பதால் அவனை எந்த எல்லையும் கட்டுப்படுத்தவில்லை.

ஈரம் நிறைந்த அறையில் கோட் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியது. காலரில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. நனைந்த ஆட்டின் வாடை அடித்தது. பணிப்பாளர் மறுநாள் வருவதாகத் தகவல் வந்தபோது தனுஜா பதறிப்போனாள். அந்த நேரம் பார்த்து லயத்தில் இருக்கும் பாக்கியலெட்சுமி கதவோரம் எட்டிப் பார்த்தாள். கொழுந்து எடுக்கும் வேலை. இடையில் குடிக்கத் தண்ணீர் கேட்டு வருவாள்.

"என்ன மிஸ், மூஞ்சி இப்படி இருக்கு?"

"பெரிய சேரோட கோட்டு நாறுதுக்கா. நாளைக்கு வாராரு. இந்த மழையில எங்க காயப்போடுறது?"

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? குடுங்க, நம்ம காத்துல போடுறேன். செத்த நேரத்துல மொறுமொறுன்னு ஆயிரும்."

நம்ம காற்று என்றால் என்ன என்று தனுஜா கேட்கவில்லை. கோட் காய்ந்தால் போதும் என்றிருந்தது. பாக்கியலெட்சுமி கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு போனாள். அவள் போய்ச் சற்று நேரத்தில் மெசின் வழக்கத்தைவிட வேகமாக முனகி, பெருமூச்சுகூட விடாமல் நின்றது.

போன் அடித்தது. கிரிஷாந்தன். பணிப்பாளர் நாளை இல்லை, இன்றைக்கே வருகிறார், ஜீப் புறப்பட்டுவிட்டது. தனுஜா போனை வைத்துவிட்டு, எல்லையையும் தோட்டக் கம்பனியையும் மறந்து, கோட்டைத் தேடிக் கட்டடத்தின் பின்பக்கம் ஓடினாள்.

அங்கே கூரையின் தாழ்வாரத்துக்குக் கீழே ஒரு கொடி கட்டியிருந்தார்கள். கொடி நிறையத் துணி. வெள்ளைப் பள்ளிக்கூடக் கவுன்கள், சேலைகள், கொழுந்துச் சாக்கு, கம்பளிகள். எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக வெளி மெசினின் வாயை மூடிக்கொண்டு தொங்கின. எல்லாவற்றுக்கும் முன்னால், மெசினின் கம்பி வலைமேல் அகல விரித்து, இரண்டு கைகளையும் இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டிய கறுப்புக் கோட். பணிப்பாளர் மெசினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுவதுபோல இருந்தது.

மழைக்காலத்தில் லயத்தில் எதுவும் காய்வதில்லை. அடுப்புக்கு மேலே கட்டினால் வெள்ளைக் கவுன் மஞ்சளாகிப் புகை நாறும், பள்ளிக்கூடத்தில் ஏச்சு விழும். மடுவமாக இருந்த காலத்திலிருந்தே அந்தத் தாழ்வாரத்தில்தான் அவர்கள் துணி போட்டு வந்தார்கள். சபை வந்து சுவரில் ஒரு பெட்டியை மாட்டியது. பெட்டி சூடாக ஊதியது. கடைசியில் யாரோ தங்களைப் பற்றியும் யோசித்திருக்கிறார்கள் என்று லயம் முழுக்கச் சந்தோஷப்பட்டது. காலையில் போட்ட துணியைப் பின்னேரம் எடுத்தார்கள்.

பாக்கியலெட்சுமி இடுப்பில் கைவைத்து மெசினை முறைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் மகள் மேனுஷா ஈரக் காலுறைகளோடு காத்திருந்தாள்.

"நல்ல நேரத்துல வந்தீங்க மிஸ். நீங்களே ஒரு வார்த்த சொல்லி வைங்களேன். நாங்க துணி போட்டாப் போதும், உள்ள இருந்துக்கிட்டு யாரோ அமத்திடுறாங்க."

"உள்ள நாந்தானேக்கா இருக்கேன்."

"நீங்களா அமத்துறது? பாத்தா நல்ல புள்ள மாதிரி இருக்கீங்க. இவ ஈரச் சப்பாத்தோட பள்ளிக்கூடம் போறா, பாவமா இல்லியா ஒங்களுக்கு?"

தனுஜா சுவரில் சாய்ந்து சிரித்தாள். அழுகிறாளோ என்று மேனுஷாவுக்குச் சந்தேகம் வந்தது. பிறகு தனுஜா கோட்டை அவிழ்த்தாள், கவுன்களை விலக்கினாள். மூன்று பேரும் மெசினைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது கொஞ்ச நேரம் யோசித்தது. காத்தாடி சுழலத் தொடங்கியது. சூடான காற்று அவர்கள் முகத்தில் அடித்தது.

"அட!" என்றாள் பாக்கியலெட்சுமி. "மூச்சு முட்டியிருக்கு அதுக்கு."

கொடியை அவிழ்த்து எட்டத் தள்ளிக் கட்டிப் பார்த்தார்கள். மிகத் தள்ளினால் துணி காயவில்லை. மிக நெருங்கினால் மெசின் முனகியது. அங்கேயும் இங்கேயுமாக நகர்த்தி, கடைசியில் இரண்டுக்கும் சம்மதமான ஓர் இடத்தில் முடிச்சுப் போட்டார்கள். கண்டாக்கையாவுக்கு விஷயம் தெரிவதற்கு முன்பே ஜீப் வந்துவிட்டது. பணிப்பாளர் உள்ளே வந்தபோது மெசின் ஓடியது. போனபோதும் ஓடியது. மறுநாளும், அதற்கு மறுநாளும் ஓடியது. லயத்தில் கவுன்கள் காய்ந்தன. சலாது நிமிர்ந்தது. கோட் மொறுமொறுப்பாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

தனுஜா அத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் ஒரு பழுதைக் கண்டுபிடித்தால் சொல்ல வேண்டும் என்றுதான் டிப்ளோமாவில் படித்திருந்தாள். கிரிஷாந்தனை அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"கடைசியா மெசினை மூடினது யாருடைய கோட் எண்டு சொன்னீங்க?"

"பணிப்பாளர் சேரோடது."

"மிஸ், அந்த வசனத்தை வாபஸ் வாங்குங்க."

அவள் வாபஸ் வாங்காதபடியால் விசாரணை நடந்தது. பதுளையிலிருந்து பணிப்பாளரே வந்தார். பிரதிநிதித்துவ ஆசனத்தில் அமர்ந்தார். ஏற்கனவே அதில் இருந்த தன் கோட்டுக்காகக் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்தார். பாக்கியலெட்சுமி அழைக்கப்பட்டாள்.

"சபையின் வெப்பக் காற்றை நீங்கள் அனுமதியின்றிப் பயன்படுத்தினீர்களா?"

"அது சும்மா வெளியதானே சேர் போவுது."

"வெளியே போனாலும் அது சபையின் காற்று. ஓர் உத்தியோகத்தர் அலுவலகத்திலிருந்து வீட்டுக்குப் போவதால் அவர் உத்தியோகத்தர் இல்லையென்று ஆகிவிடுமா?"

"எங்க வீட்டுக்காரரு மலையிலதான் கங்காணி, வீட்டுக்கு வந்தா இல்லீங்க. நான் சொல்றதத்தான் கேப்பாரு."

கிரிஷாந்தன் இதைக் குறித்துக்கொள்ளவில்லை. பணிப்பாளர் எழுந்து நடந்தார். பிரச்சினை சிக்கலானது என்றார். வெளி மெசின் சபைக்குச் சொந்தம். ஆனால் அது வெளியில் இருக்கிறது. வெளியில் இருப்பதை உள்ளகச் சபை நிர்வகிக்க முடியாது. நிர்வகிக்க முடியாத இடத்தில்தான் காற்று களவு போகிறது. அவர் திடீரென்று நின்றார். முகம் பிரகாசித்தது.

"வெளி மெசினை உள்ளகமாக்கிவிட்டால்?"

அவர் கையால் காற்றில் ஒரு பெட்டி வரைந்து காட்டினார்.

"அதைச் சுற்றி நான்கு சுவர் எழுப்புவோம். கூரை போடுவோம். கதவு போட்டுப் பூட்டுவோம். அப்போது அது உள்ளே இருக்கும். நம்முடைய அதிகாரத்துக்குள் வந்துவிடும்!"

"சேர்," என்றாள் தனுஜா, "கொடியத் தள்ளிக் கட்டியாச்சு சேர். இப்ப நல்லாத்தான் ஓடுது. சுவர் கட்டுனா, காத்து போறதுக்கு வழி?"

பணிப்பாளர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மகளே, காற்று போகக் கூடாது என்பதற்காகத்தானே கட்டுகிறோம்."

வேலை வேகமாக நடந்தது. லயத்துக் கூரைத் தகரம் ஒழுகுவதாக எத்தனையோ வருஷமாகச் சொல்லி வந்தும் ஒரு மேசன் பாஸ்கூட ஏறிப் பார்த்ததில்லை. மெசின் வீட்டுக்கு மூன்று பாஸ்மார் வந்தார்கள். சீமெந்துக் கற்சுவர், புதுத் தகரக் கூரை, பச்சைப் பெயின்ட் அடித்த கதவு. வாசற்படிகூட வைத்தார்கள். கொடி அறுபட்டது. லயத்துப் பெண்கள் மழையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"எங்களுக்கு ஏழு பேர்ச் காணியும் வீடும் தாரோம்னு சொன்னாங்க, காத்திருந்தே எங்க மாமியாரு போய்ச் சேந்துட்டாங்க," என்றாள் பாக்கியலெட்சுமி. "இது போன வருசம் வந்த மெசினு. அதுக்குள்ள வீடு கெடச்சிருச்சு."

"அதுக்குப் புள்ளகுட்டி இல்ல. சின்ன வீடு போதும்," என்றாள் இன்னொருத்தி.

"பால் காச்சுவாங்களா?"

பால் காய்ச்சவில்லை. ரிப்பன் வெட்டினார்கள். எல்லவுக்கு சலாது அனுப்ப வேண்டிய வாரம் அது. இலைகள் திரண்டு, மடிப்பு மடிப்பாக விரிந்திருந்தன. தனுஜா அன்று காலையில் ஒவ்வொரு தட்டையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் விழாவுக்கு வந்திருந்தாள். பணிப்பாளர் கதவைப் பூட்டி, சாவியைத் தூக்கிக் காட்டினார். மெசின் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"இன்று ஒரு வரலாற்று நாள்," என்று ஆரம்பித்தார். "வெளியே என்று ஒன்று இருக்கும்வரை ஒழுங்கு என்பது இல்லை. காற்று திரிகிறது, மழை திரிகிறது, துணி திரிகிறது. நமது சபை இன்று வெளியிலிருந்து ஒரு பகுதியைக் குறைத்திருக்கிறது. படிப்படியாக முழு மாகாணத்தையும் உள்ளகமாக்குவதே நமது..."

சுவருக்குள் மெசின் முனகியது. தன் மூச்சைத் தானே இழுத்து, தன் சூட்டைத் தானே குடித்து, ஒருமுறை குலுங்கி நின்றது. பச்சைக் கதவு தொட முடியாமல் சுட்டது.

தனுஜாவுக்கு ஒரு கணம் நெஞ்சு நிறைந்தது. கடைசியில் நடந்துவிட்டது! எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

"சேர்! நின்னுபோச்சு சேர்! உங்க முன்னிலையிலயே நின்னுபோச்சு!"

கூட்டம் திரும்பியது. கிரிஷாந்தன் தன் சப்பாத்தைப் பார்த்தார். பணிப்பாளர் தொண்டையைக் கனைத்தார். கழுத்தில் போட்டிருந்த மாலையைத் தொட்டுக் காட்டினார்.

"நான் இன்று அதிகாரியாக வரவில்லை," என்றார். "பிரதம விருந்தினராக வந்திருக்கிறேன்."

பேச்சு தொடர்ந்தது. கேக் வெட்டினார்கள். சாவி ஜீப்பில் ஏறிப் பதுளைக்குப் போனது.

தனுஜா உள்ளே வந்தபோது அறை கொதித்துக்கொண்டிருந்தது. வெளி மெசின் தன் வீட்டுக்குள் கொஞ்ச நேரம் ஓடுவதும் மூச்சு முட்டி நிற்பதுமாக இருந்தது. சலாதின் ஓரங்கள் சுருளத் தொடங்கின. அவள் போனை எடுத்தாள், வைத்தாள். இந்த முறை யாரை அழைப்பது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கதவை அகலத் திறந்து, லயத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"பாக்கியக்கா! கொஞ்சம் வாங்க! எல்லாரும் வாங்க!"

பெண்கள் வந்தார்கள். தட்டுத் தட்டாக சலாதைத் தூக்கி, முன்வாசல் தாழ்வாரத்தின் கீழ் அடுக்கினார்கள். மலையிலிருந்து பனி இறங்கி இலைகளின்மேல் படிந்தது. தண்ணீர் தெளித்த மாதிரி அவை மெல்ல எழுந்தன. எந்த மெசினும் கொடுக்காத குளிர் அங்கே சும்மா கிடந்தது. தனுஜா வாசலில் குந்தி உட்கார்ந்து இலைகள் நிமிர்வதைப் பார்த்தாள். இவ்வளவு நாளும் சுவரைத் தாண்டி யோசிக்காதது அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் யோசித்தால் அது சபையின் எல்லைக்கு வெளியே போயிருக்கும்.

பாக்கியலெட்சுமி காலியான அறைக்குள் எட்டிப் பார்த்தாள். இளஞ்சிவப்பு விளக்குகள் வெறும் ராக்கைகளைச் சுட்டுக்கொண்டிருந்தன.

"மிஸ், ரூம்பு சும்மாதானே கெடக்கு?"

தனுஜா அவளைப் பார்த்தாள். அறையின் சாவி இன்னும் தன் கையில்தான் இருந்தது.

"துணியக் கொண்டுவாங்கக்கா."

எல்ல ஹோட்டலுக்கு அந்த வாரமே சலாது போனது. இப்படிக் கடிக்கும்போது சத்தம் வருகிற இலை இதற்கு முன் வந்ததில்லை என்று சமையற்காரர் சொல்லியனுப்பினார். தனுஜாவின் நியமனம் நிரந்தரமாயிற்று. மழைக்காலம் முடியும்வரை மேல் டிவிசன் பிள்ளைகள் காய்ந்த கவுனும் காய்ந்த காலுறையுமாகப் பள்ளிக்கூடம் போனார்கள்.

வெற்றியைப் பார்வையிடப் பணிப்பாளர் வந்தார். முந்தின நாளே கண்டாக்கையா பெரட்டில் கத்தியிருந்தார். அதனால் பணிப்பாளர் வந்தபோது சலாது உள்ளே இருந்தது, துணி எங்கேயும் இல்லை. உள்ளே போனதும் அவருக்கு வியர்த்தது. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"உள்ளகம் என்றால் இந்தக் கதகதப்பு இருக்க வேண்டும்," என்றார். ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு, கண்களை மூடி மென்றார். "கிரிஷாந்தன், இந்த ருசியைப் பாருங்கள். வெளியில் வளர்த்தால் இப்படி வருமா?"

"வராது சேர்," என்றார் கிரிஷாந்தன், சுவெட்டரைக் கழற்றியபடி.

"மற்றத் தோட்டங்களிலும் வெளி மெசின்களுக்கு வீடு கட்டுவோம். வீடில்லாத ஒரு மெசின்கூட இந்த மாகாணத்தில் இருக்கக் கூடாது."

தனுஜா தலையை ஆட்டினாள். நிரந்தரமானவர்கள் அப்படித்தான் ஆட்டுவார்கள் என்று அவளுக்கு இப்போது தெரியும்.

ஜீப் புறப்பட்டது. பாக்கியலெட்சுமி பாதையோரம் போய், கையை நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வளைவு தாண்டிருச்சு!"

லயத்துக் கதவுகள் ஒன்றொன்றாகத் திறந்தன. சலாது வெளியே போனது, கவுன்கள் உள்ளே வந்தன. இளஞ்சிவப்பு வெளிச்சத்தில் அவை எல்லாம் கலியாணத் துணிபோல இருந்தன. கோட்டையும் தொப்பியையும் சுவரில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டு, பிரதிநிதித்துவ ஆசனத்தின் இரண்டு கைப்பிடிகளிலும் மேனுஷா தன் காலுறைகளை இழுத்து விரித்தாள். விளக்குக்கு மிக அருகே இருந்தது அந்த இடம். லயத்தில் எல்லோருடைய துணிக்கும் முன்னால் அவைதான் காய்ந்தன.